ஓணானுக்குச் சரியான பெயர் தேடுவது எப்படி? திருகோணமலையில் முதல்முறை முயல்பவர்களுக்கு

கன்னியா வீதியில் வாகனம் ஏறி இறந்து கிடந்த ஓர் ஓணானை எடுத்து, ஜாம் போத்தலில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வைத்தேன். மேலுதட்டில் வெளிர் நிறப் பட்டை ஒன்று தீட்டியது போல் இருந்தது. எங்கள் வீட்டு வேலியில் ஓடுகிற எதிலும் அதை நான் கண்டதில்லை. புதிய இனம் என்றே நம்பினேன். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள், ஆகவே மிச்சம் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

ஒன்றரை வருடமும் கொழும்புக்கு மூன்று பயணமும் போன பிறகு தெரிந்தது, அந்த விலங்குக்கு 1887-லேயே பெயர் வைத்துவிட்டார்கள் என்று. அதைவிட வருத்தம் என்னவென்றால், அந்தப் போத்தலை எந்தச் சேகரிப்பிலும் ஏற்றுக்கொள்ள முடியாது. எடுத்த திகதி இல்லை, இடத்தின் ஆள்கூறு இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை. அந்த விலங்கு வீணாகப் போனது.

மரத்தில் வாழும் பல்லியினங்களுக்கு அறிவியல் பெயர் தேடுகிறவர்கள் இரண்டு வகை. தன் முற்றத்துப் பூவரசில் இருப்பது எது என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதல் நான்கு படிகள் போதும். அதற்குக் கைச்செலவு அநேகமாக இல்லை, ஒரு கிழமையில் முடித்துவிடலாம். தன்னிடம் இருப்பது இதுவரை யாரும் விவரிக்காதது என்று நினைப்பவர்கள் மிச்சப் படிகளையும் இதே வரிசையில் போக வேண்டும். வரிசை மாறினால் என் போத்தலுக்கு நடந்ததுதான் நடக்கும்.

1. ஐந்து சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

எங்கள் பாடநூலில் வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு நூல்களில் சாதிக்குப் பதிலாகப் பேரினம் என்று இருக்கும். குழப்பம் வராமல் நான் பேரினம் என்றே எழுதுகிறேன்.

நம் வேலி ஓணானின் வகுப்பு ஊர்வன. வருணம் ஸ்குவமாட்டா, பாம்புகளும் இதற்குள்தான் வரும். குடும்பம் அகமிடே. பேரினம் கலோடெஸ். இனம் வெர்சிகலர். பெயராக எழுதும்போது கடைசி இரண்டும் போதும்: கலோடெஸ் வெர்சிகலர். இலத்தீன் எழுத்தில் எழுதினால் பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, இனப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்து. பிறகு அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இதைப் பிழையாக எழுதினால் வாசிப்பவருக்கு முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும்.

மரத்தில் இருப்பதெல்லாம் அகமிடே என்று நினைத்துவிட வேண்டாம். மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் பல்லிகள் கெக்கோனிடே. மரம் ஏறுகிற உடும்பு வரனிடே. கண் கூம்பு போல் தனித்தனியே சுழன்று, விரல்கள் குறடு மாதிரி இரண்டு பக்கமாகப் பிரிந்து, வால் சுருண்டு இருந்தால் அதுதான் உண்மையான பச்சோந்தி, குடும்பம் கமேலியோனிடே. நிறம் மாறுகிறது என்பதற்காக வேலி ஓணானைப் பச்சோந்தி என்று பதிவுசெய்பவர்கள் ஏராளம். நிறம் மாறுவதை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

2. தொடாமல் படம் எடுங்கள்

பகலில் ஓணானைத் துரத்திப் படம் எடுப்பது வீண்வேலை. கலோடெஸ் இனங்கள் இரவில் சிறு கிளை நுனியிலும் இலைக்காம்பிலும் உடலை நீட்டித் தூங்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தால் இலைக்கு நடுவே வெளிறித் தெரியும். கிட்டப் போய் ஆறுதலாக எடுக்கலாம். கிளையை ஆட்டாதீர்கள், ஒளியைக் கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

ஒரு விலங்குக்கு இத்தனை படம் வேண்டும்: முழு உடல் பக்கவாட்டில், தலை பக்கவாட்டில், காதுத்துவாரமும் அதற்கு மேலுள்ள முட்களும் தெளிவாகத் தெரிய, தலையின் மேற்புறம், உடலின் நடுப்பகுதிச் செதில்கள் மட்டும், மிக அருகில், முதுகு முள்வரிசை, தொண்டை, வாலின் அடிப்பகுதி. பக்கத்துக் கிளையோடு ஒட்டி ஓர் அடிமட்டம் பிடித்து இன்னொரு படம். முதலில் நான் எடுத்த நூற்றுச்சொச்சம் படங்களில் காதுக்கு மேலுள்ள முள் தெரிந்தவை நான்குதான். அழகான படங்கள் நிறைய இருந்தன. அடையாளம் காண அவை உதவவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் திகதி, நேரம், ஆள்கூறு, மரத்தின் பெயர், நிலத்திலிருந்து உயரம் ஆகியவற்றை அங்கேயே நின்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பென்சில் நல்லது, மழையில் கரையாது. ஆள்கூறு எழுதும்போது வடக்கு எண் முதலில் வர வேண்டும். திருகோணமலை நகரம் ஏறக்குறைய வடக்கு 8.57, கிழக்கு 81.23. இரண்டையும் மாற்றி எழுதினால் உங்கள் ஓணான் வடதுருவக் கடலில் போய் விழும். இந்தப் பிழை பதிவுத்தளங்களில் அடிக்கடி நடக்கிறது.

எங்கள் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடற்படைப் பகுதிகளிலும் கமெராவோடு இரவில் நிற்க முடியாது, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். உங்கள் சொந்தக் காணியைத் தாண்டி வேறெங்கு இரவில் டோர்ச்சோடு போவதானாலும் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸ் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். கந்தளாய், மொரவெவப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் இரவில் போகவே வேண்டாம். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே வாங்கும் நுழைவுச்சீட்டு பார்வையாளருக்கானது. அதை வைத்து ஆய்வு செய்ய முடியாது.

3. எங்கள் மாவட்டத்தில் இருக்கக்கூடியவற்றோடு ஒப்பிடுங்கள்

இலங்கையில் கலோடெஸ் பேரினத்தில் ஒன்பது இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பல மலைநாட்டுக்கும் ஈரவலயத்துக்கும் உரியவை. கருத்த உதடுள்ள கலோடெஸ் நிக்ரிலாப்ரிஸ் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வாழ்வது. உப்புவெளியில் அதைக் கண்டேன் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆகவே முதலில் இடத்தை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள். வரண்ட வலயத்தில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் மூன்று.

கலோடெஸ் வெர்சிகலர்: வேலி, முருங்கை, மதில், எங்கும் இருக்கும். காதுக்கு மேலே இரண்டு முட்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக நிற்கும். பக்கவாட்டுச் செதில்களின் நுனி பின்னோக்கி மேல்பக்கம் பார்க்கும்.

கலோடெஸ் கலோடெஸ்: பச்சை ஓணான். காதுக்கு மேலே முட்கள் சீப்புப் பல் போல ஒரே வரிசையில் தொடர்ந்து போகும். வால் மிக நீளம். பேரினப் பெயரும் இனப் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். விலங்கியலில் அப்படி இருக்கலாம், தாவரவியலில்தான் தடை.

கலோடெஸ் சிலோனென்சிஸ்: மேலுதட்டில் வெளிர் பட்டையுள்ளது, காட்டு மரங்களின் தண்டில் இருக்கும். இலங்கைக்கு மட்டுமே உரியது. என்னை அலைய வைத்தது இதுதான்.

இவற்றோடு, காதே தெரியாமல் நீண்ட பின்னங்காலோடு சருகில் துள்ளி ஓடி, இரவில் சிறு செடிகளில் தூங்கும் ஒன்றையும் பார்ப்பீர்கள். அது ஒட்டோக்ரிப்டிஸ். பழைய நூல்களில் இலங்கை முழுவதற்கும் ஒட்டோக்ரிப்டிஸ் வீக்மனி என்ற ஒரே பெயர்தான் இருக்கும். 2005-ல் வரண்ட வலயத்தில் இருப்பதை ஒட்டோக்ரிப்டிஸ் நிக்ரிஸ்டிக்மா என்று பிரித்துவிட்டார்கள். ஆணின் தொண்டைப் பையில் கறுப்புத் திட்டு இருக்கும். நூலகத்தில் கிடைத்த பழைய புத்தகத்தைப் பார்த்துப் பெயர் எழுதினால் சரியாக இந்த இடத்தில் பிழைக்கும்.

பெரிய பொறி நிறம்தான். இனப்பெருக்கக் காலத்தில் வெர்சிகலர் ஆணின் தலையும் தொண்டையும் செக்கச் சிவக்கும். அடுத்த மாதம் அதே விலங்கு மண்ணிறமாக நிற்கும். பயந்தால் ஒரு நிறம், வெயில் காய்ந்தால் இன்னொரு நிறம். எங்கள் பிள்ளைகள் அந்தச் சிவப்பைப் பார்த்து "ரத்தம் குடிக்குது" என்று கல்லெறிகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் தாங்குவதில்லை. பெயர் தெரிந்த பிள்ளை கல்லெறியாது என்பதை வகுப்பில் கண்டிருக்கிறேன். சரி, நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் முள், அடுத்து செதிலின் திசை, அடுத்து நடு உடலைச் சுற்றிச் செதில்களின் எண்ணிக்கை.

4. பெயரைச் சரிபார்த்துப் பதிவிடுங்கள்

ரெப்டைல் டேட்டாபேஸ் என்ற இணையத் தரவுத்தளம் இலவசம். ஒரு பெயரைத் தட்டினால் இப்போது ஏற்கப்பட்ட பெயர், பழைய மாற்றுப்பெயர்கள், எந்தக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது, மூல மாதிரி (அந்தப் பெயருக்கு அடிப்படையான விலங்கு) எந்த அருங்காட்சியகத்தில் உள்ளது எல்லாம் கிடைக்கும். பழைய மூல விவரிப்புகளைப் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இறக்கி வாசிக்கலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆளின் பெயரையும் ஆண்டையும் அப்படியே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குப் பொருள் உண்டு. ஒட்டோக்ரிப்டிஸ் வீக்மனி, வாக்லர், 1830 என்பதில் அடைப்புக்குறி இல்லை, ஏனென்றால் வாக்லர் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது. கலோடெஸ் வெர்சிகலர் (டோடின், 1802) என்பதில் அடைப்புக்குறி உண்டு. டோடின் அதை அகமா என்ற பேரினத்தில் வைத்தார், பிறகு கலோடெஸுக்கு மாறியது. அழகுக்காக அடைப்புக்குறியைப் போடவோ எடுக்கவோ கூடாது.

எழுத்துக்கூட்டலையும் திருத்தாதீர்கள். எங்கள் தீவின் பெயர் கலோடெஸ் சிலோனென்சிஸில் ஒரு விதமாகவும், கொஃபோட்டிஸ் சிலானிகாவில் வேறு விதமாகவும், கமேலியோ ஸெய்லானிகஸில் இன்னொரு விதமாகவும் வரும். ஒரே சீராக இருக்கட்டும் என்று என் மாணவி ஒருத்தி மூன்றையும் மாற்றி எழுதினாள். முதல் விவரிப்பில் எப்படி அச்சானதோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

பிறகு, கண்ட உயிரினங்களைப் பதிந்து மற்றவர்களிடம் அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தோடு பதிவிடுங்கள். கட்டணம் இல்லை. திகதி, இடம், படம் இருந்து, இனம் வரை குறைந்தது இருவர் ஒத்துப்போய், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே கருத்தாக இருந்தால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். எனக்குச் சில பதிவுகளுக்கு ஒரே நாளில் பதில் வந்தது, சிலவற்றுக்கு மாதக்கணக்காயிற்று. அரிய இனம் என்றால் இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். கள்ளமாகப் பிடித்து விற்பவர்களும் அந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள்.

பெயர் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு வேலை இங்கே முடிந்தது.

5. புதிது என்று தோன்றினால் மூன்று மாதம் வாசியுங்கள்

இந்த இடத்தில்தான் நான் அவசரப்பட்டேன். புதிய இனம் என்று சொல்ல, பக்கத்து இனங்கள் எல்லாவற்றிலிருந்தும் அது எப்படி வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து இனங்களுக்கு ஏற்கெனவே வைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட பழைய பெயர்கள் எதுவும் உங்கள் விலங்குக்குப் பொருந்தாது என்றும் காட்ட வேண்டும். பொருந்தினால் அந்தப் பழைய பெயர்தான் உயிர்பெறும், உங்கள் பெயர் நிற்காது. முதலில் வந்த பெயருக்கே முன்னுரிமை.

ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்ற கேள்வி வந்தால் கடைசியில் பதில் சொல்வது ஹோலோடைப் என்கிற ஒரே ஒரு மூல மாதிரி. அது தொலைந்திருந்தால் தேவைப்படும்போது நியோடைப் என்று புதிதாக ஒன்றை நியமிப்பார்கள். வெர்சிகலருக்கு 2016-ல் அப்படித்தான் புதுச்சேரிப் பகுதி விலங்கு ஒன்றை நியமித்தார்கள். அதை நங்கூரமாக வைத்து, 2021-ல் வெளியான ஆய்வு, தெற்காசியா முழுவதும் வெர்சிகலர் என்று அழைக்கப்பட்டதைப் பல இனங்களாகப் பிரித்தது. ஆகவே "வெர்சிகலர் போல இருக்கிறது, ஆனால் வேறு" என்று நீங்கள் சொன்னால், ஒப்பிட வேண்டியது புதுச்சேரி விலங்கோடு. உங்கள் வீட்டு வேலியில் இருப்பதோடு ஒப்பிட்டால் செல்லாது.

ஒரேயொரு விலங்கை வைத்துப் புதிய இனம் சொல்லாதீர்கள். ஆண், பெண், குஞ்சு மூன்றும் வேறு வேறாகத் தெரியும். வாசித்து முடித்த பிறகும் சந்தேகம் மிச்சமிருந்தால், படங்களையும் செதில் எண்ணிக்கையையும் ஊர்வனவியல் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு மின்னஞ்சலை முதல் மாதத்திலேயே அனுப்பத் தோன்றியிருந்தால் மிச்ச அலைச்சல் இருந்திருக்காது.

6. அனுமதிப்பத்திரம்: அதிகம் காலம் தின்னும் படி

விலங்கைப் பிடிப்பது, அளப்பது, இரத்தமோ வால்நுனியோ எடுப்பது, இறந்ததைச் சேகரித்து வைப்பது, எல்லாவற்றுக்கும் முதலில் அனுமதி. எது பாதுகாக்கப்பட்டது, எது இல்லை என்று நாமே ஊகிக்கக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது, 2009 திருத்தத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பிடித்தால், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை அப்படியே நடக்கும்.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அங்கே ஆய்வு விண்ணப்பங்களைப் பார்க்க ஒரு குழு உண்டு. நீங்கள் வேலை செய்யப்போகும் காடு வனத் திணைக்களத்தின் ஒதுக்குக்காடாக இருந்தால் அவர்களிடமும் தனியே எடுக்க வேண்டும். ஒரு அனுமதி மற்றதற்குப் பொருந்தாது. தனியார் காணியானால் உரிமையாளரின் கடிதம் வேண்டும்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

ஆய்வுத் திட்டம், ஆங்கிலத்தில், நான்கைந்து பக்கம். நோக்கம், முறை, இடங்களின் பட்டியல், இனங்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை விலங்கு, எத்தனை உயிரோடு விடப்படும், எத்தனை வைத்துக்கொள்ளப்படும், எந்தச் சேகரிப்பில் ஒப்படைக்கப்படும். "தேவையான அளவு" என்று எழுதினால் திரும்பி வரும், எண் எழுதுங்கள்.

ஒரு நிறுவனத்தின் கடிதம். தனியாள் விண்ணப்பம் நிற்பது மிகக் கடினம். நம் பகுதியில் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம், அதே பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விலங்கியல் துறை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஆகியவற்றில் ஓர் ஆசிரியரை மேற்பார்வையாளராகக் கேட்கலாம். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். படங்கள், அளவுக் குறிப்புகள், வாசித்த கட்டுரைகளின் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள்.

குழுவில் உள்ள எல்லோருடைய தன்விவரக் கோவையும் அடையாள அட்டைப் பிரதியும். களத்துக்கு வரும் உதவியாளர், படம் பிடிக்க வரும் தம்பி, வாகனம் ஓட்டுபவர் வரை. பெயர் இல்லாதவர் விலங்கைக் கையில் பிடிக்கக் கூடாது.

ஆள்கூறுகளோடு இடவரைபடம்.

எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒப்படைத்த திகதி முத்திரை குத்திய ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். என் முதல் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் மேசைக்கு மேசை நகர்ந்து கடைசியில் காணாமல் போனது. கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கவில்லை, ஆகவே முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது தடவை முத்திரைப் பிரதி இருந்தது, மூன்று கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், ஐந்து மாதத்தில் கிடைத்தது. ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறும், விண்ணப்பம் எடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் செலவில் பெரிய பங்கு கட்டணத்துக்குப் போகவில்லை. இரவு பஸ்ஸுக்கும், கொழும்பில் தங்குவதற்கும், போட்டோக்கொப்பிக்கும்தான் போனது.

எப்போது தொடங்குவது? எங்களுக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரை. மாரி தொடங்கும்போது களத்தில் நிற்க வேண்டுமானால் சித்திரைக்கு முன்னமே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. மரபணு ஆய்வுக்கு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குத் திசு அனுப்புவதானால் ஏற்றுமதி அனுமதி வேறு. கொம்பு ஓணான் போன்றவை 2019-ல் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலுக்குள் வந்துவிட்டன, அவற்றுக்குச் சைட்டீஸ் பத்திரமும் வேண்டும். தபாலில் ஒரு சிறு குழாயை அனுப்பினால் என்ன என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

7. களத்தில் பிடிப்பதும் அளப்பதும்

சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள், தென்னோலை ஈர்க்கில் சுருக்கு வைத்துப் பையன்கள் ஓணான் பிடிப்பார்கள். ஆய்வாளர்களும் கம்பின் நுனியில் நூற்சுருக்கு வைத்துத்தான் பிடிக்கிறார்கள். கழுத்தை இறுக்காத அளவு முடிச்சுப் போடப் பழகுங்கள். இரவில் தூங்கும்போது கையாலேயே எடுக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு கைலென்ஸ், அளப்பதற்குப் பிளாஸ்டிக் வேர்னியர், துணிப்பை, பென்சில், தடித்த தாள். அளவுகளில் முதன்மையானது மூக்கு நுனியிலிருந்து மலவாய் வரை. வால் நீளத்தைத் தனியே எழுதி, வால் முழுசா, அறுந்து வளர்ந்ததா என்றும் குறியுங்கள். பிறகு நடு உடலைச் சுற்றிச் செதில்கள், மேலுதட்டுச் செதில்கள், பின்னங்காலின் நான்காம் விரலுக்கு அடியிலுள்ள தகடுகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணுங்கள். என் முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மூன்று செதில் வித்தியாசம் வந்தது. ஒரு புதிய இனத்தையே உண்டாக்கிவிடக்கூடிய வித்தியாசம் அது.

வைத்துக்கொள்ள அனுமதி உள்ள விலங்கென்றால் வரிசை முக்கியம். கருணைக்கொலைக்கு அனுமதியில் எழுதிய முறையைத் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது, பழக்கமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது. முதலில் திசுத்துண்டை 95 சதவீதத்துக்குக் குறையாத எதனோலில் தனிக் குழாயில் போடுங்கள். அதற்குப் பிறகுதான் உடலை 10 சதவீத ஃபோர்மலினில் நிலைப்படுத்தி, பின்னர் 70 சதவீத எதனோலுக்கு மாற்றுவது. ஃபோர்மலின் பட்ட பிறகு எடுத்த திசுவில் மரபணு ஆய்வு மிகக் கடினம். எதனோலைக் கடையில் நினைத்தபடி வாங்க முடியாது, மதுவரிச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. உங்கள் மேற்பார்வையாளரின் ஆய்வுகூடம் மூலமாகப் பெறுவதுதான் வழி.

குறிச்சீட்டை விலங்கோடு சேர்த்துக் கட்டுங்கள், போத்தலுக்கு வெளியே ஒட்டாதீர்கள். ஒட்டிய தாள் மாரி ஈரத்தில் உரிந்துவிடும். அதில் இருக்க வேண்டியவை: கள எண் (அந்த விலங்குக்குக் களத்தில் நீங்கள் இட்ட எண்), திகதி, இடம், ஆள்கூறு, சேகரித்தவர், அனுமதி எண்.

8. மாதிரியை ஒப்படைத்தல்

பெயர் சூட்டப்போகும் மூல மாதிரி வீட்டு அலுமாரியில் இருக்க முடியாது. பொதுச் சேகரிப்பில் இருக்க வேண்டும், கட்டுரையிலும் அதைச் சொல்ல வேண்டும். இலங்கையில் வழமையான இடம் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவு. முன்கூட்டிக் கடிதம் எழுதி நாள் கேட்டுக்கொண்டு போங்கள். அனுமதிப்பத்திரப் பிரதி, மாதிரிப் பட்டியல், கள எண்கள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அருங்காட்சியகம் மாதிரிக்குத் தரும் சேர்க்கை எண் கிடைத்த பிறகே கட்டுரையின் கடைசி வடிவத்தை எழுத முடியும்.

9. பெயரை அமைப்பது

இதற்கு அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதிக்கோவை என்று ஒன்று உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது நான்காம் பதிப்பு, 2000 சனவரி 1 முதல் செல்லும். இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

பெயர் இலத்தீன் எழுத்தில் எழுதப்பட வேண்டும், ஆனால் சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். தமிழ்ச் சொல்லை வைத்து ஓர் ஓணானுக்கு உலகப் பெயர் சூட்ட எந்தத் தடையும் இல்லை. எனக்கு இது தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் ழ, ற, ண போன்ற எழுத்துகளுக்கு மேற்புள்ளி, கீழ்க்கோடு போட்டு எழுத முடியாது, குறிகள் ஏற்கப்படுவதில்லை. ஒருமுறை அச்சான எழுத்துக்கூட்டலைப் பிறகு நல்லதாக மாற்றவும் முடியாது. ஆகவே ஊர்ப் பெயரையோ தமிழ்ச் சொல்லையோ எடுக்கிறீர்களானால், அதை வெளிநாட்டார் எப்படி உச்சரிப்பார்கள் என்று நாலு பேரை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆளின் பெயரென்றால் ஈறு முக்கியம். ஆண் ஒருவருக்கு "இ" (-i): செரடோஃபோரா எர்டெலெனி. பெண் ஒருவருக்கு "ஏ" (-ae). பலருக்கு "ஓரும்" (-orum), எல்லோரும் பெண்களென்றால் "ஆரும்" (-arum). அம்பாறைப் பக்கத்துப் பாறைப்பல்லியான கலோடாக்டிலோடெஸ் இல்லிங்வர்தோரும் என்ற பெயரைக் கேட்டவுடனே ஒருவருக்கு மேற்பட்டோரைக் குறிக்கிறது என்று புரிவது அந்த ஈற்றால்தான். பெண் ஆசிரியைக்காகப் பெயர் சூட்டி "இ" போட்டுவிட்டு வருந்தியவர்கள் உண்டு. பண்புச் சொல் என்றால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறும்: கொஃபோட்டிஸ் பெண்பால், அதனால் சிலானிகா, கமேலியோ ஆண்பால், அதனால் ஸெய்லானிகஸ். கலோடெஸ் ஆண்பால். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

10. வெளியிடுவது

கட்டுரையில் இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஹோலோடைப் எது, எங்கே உள்ளது என்று சொல்ல வேண்டும், மற்ற இனங்களிலிருந்து பிரித்தறியும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகையானால் விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கான ஸூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் கட்டுரையைப் பதிந்து, அந்த எண் கட்டுரைக்குள் அச்சாகியிருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஸூடாக்ஸா போன்ற சஞ்சிகையில் திறந்த அணுகல் வேண்டாம் என்றால் ஆசிரியர் பணம் கட்டத் தேவையில்லை. வேறு பலவற்றில் கட்டணம் டொலரில் வரும், அனுப்புமுன் பாருங்கள். காசு கொடுத்தால் ஒரு கிழமையில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் பதில் எழுத வேண்டாம்.

அனுப்பிய நாளிலிருந்து மதிப்பாய்வு, திருத்தம், அச்சு என்று ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலம் முழுவதும் புதிய பெயரை முகநூலிலோ பத்திரிகைச் செய்தியிலோ பாடசாலை மலரிலோ வெளியிடாதீர்கள். விவரிப்பு இல்லாமல் வெளியான பெயர் வெறும் பெயராகவே கிடக்கும், பிறகு வருபவர்களுக்குக் குழப்பம். ஊரில் சொல்ல ஆசை வரும், எனக்குத் தெரியும். கள எண்ணைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள்.

வெளியானதும் கட்டுரைப் பிரதியைத் திணைக்களத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும், காணி தந்தவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அனுப்புங்கள். அனுமதியின் இறுதி அறிக்கையை முடிவுத் திகதிக்கு முன் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த அனுமதிக்குப் போகும்போது முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.